போனில் இருப்பது அந்தப் பாட்டுதானா?



கேமரன் மலையில் போ தேயிலைத் தோட்டம் 1929-இல் தொடங்கியது. அங்கே கொழுந்து பறித்த தமிழர்களின் பிள்ளைகள் பலர் இன்று ஈப்போவிலும் கோலாலம்பூரிலும் இருக்கிறார்கள். பெற்றோர் ஓய்வு பெற்று தோட்ட வீட்டைக் காலி செய்யும்போது லாரியில் ஏறாமல் நின்றுவிடுவது ஒரு பெட்டி. உள்ளே பழைய சிடிகளும் கேசட்டுகளும். "எல்லாப் பாட்டும் போன்லயே இருக்குப்பா" என்பான் மகன். இருப்பது அந்தப் பாட்டுதானா?

நான்கு நிமிடப் பாட்டு சிடியில் ஏறக்குறைய 42 மெகாபைட். கைமாறிக் கைமாறி வரும் 128 கிலோபிட் எம்பி3-இல் அது 4 மெகாபைட்கூட இல்லை. மீதியைக் காது கவனிக்காது என்று கணக்குப் போட்டு வெட்டிவிட்டார்கள். ஜால்ராவின் கணீர் ஒலிதான் முதலில் அடிபடும்.

2001-இல் வந்த 'ஃபிளாக்' சேலையை மடித்து வைப்பது போன்றது. அளவு பாதிக்குப் பக்கமாகக் குறையும். விரித்தால் ஒரு நூல் குறைந்திருக்காது. ஆப்பிள் கைப்பேசிக்கு 'அலாக்' அதே வேலையைச் செய்யும். எம்பி3-ஐ ஃபிளாக்காக மாற்றினால் கோப்புதான் பருக்கும், வெட்டுப்பட்டது திரும்பாது. இப்படி ஊதிப் பெருக்கிய சரக்கு இணையத்தில் ஏராளம்.

சரி, எங்கே வாங்குவது? 2008-இல் தொடங்கிய பேண்ட்கேம்ப்பில் கலைஞர்களே நேரடியாக விற்கிறார்கள். பணம் கட்டிவிட்டு ஃபிளாக், அலாக் என விரும்பிய வடிவில் இறக்கிக்கொள்ளலாம். பழைய சினிமாப் பாட்டை மட்டும் அங்கே எதிர்பார்க்காதீர்கள். கோபஸ், எச்டி டிராக்ஸ் போன்ற கடைகள் நாடு பார்த்து விற்பவை. அட்டை எண்ணைத் தட்டும் முன் மலேசியாவுக்கு உண்டா என்று பாருங்கள். ஐடியூன்ஸ் கடையில் கிடைப்பது 256 கிலோபிட் ஏஏசி. கேட்க நன்றாகவே இருக்கும், ஆனால் அதுவும் வெட்டியதுதான். ஆப்பிள் மியூசிக் 2021 முதல் முழு ஒலி தருகிறது. அது வாடகை வீடு, சந்தா நின்றால் பாட்டும் நிற்கும்.

ஆகவே பழைய தமிழ்ப் பாட்டுக்கு முதலில் தேட வேண்டிய கடை, எறியப் போகும் அந்தப் பெட்டிதான். கணினியில் செருகும் சிடி டிரைவ் ஒன்று போதும். 'எக்ஸாக்ட் ஆடியோ காப்பி' என்ற இலவச மென்பொருள் தட்டைத் திரும்பத் திரும்பப் படித்து ஒப்பிட்டுப் பிழையைப் பிடிக்கும். ஃபிளாக்காகச் சேமித்தால் 64 ஜிகாபைட் அட்டையில் ஏறக்குறைய 2,000 பாட்டு அடங்கும். ஒரே தட்டில் நூறு பாட்டு என்று விற்ற சிடிகளை ஒதுக்கிவிடுங்கள், அவை எம்பி3. எடுத்ததை வாட்ஸ்அப் குழுவில் விநியோகிக்க வேண்டாம், உரிமை உங்களுடையதல்ல.

மலைக் குளிரிலும் ஈரத்திலும் தட்டில் பூசணம் படிந்திருக்கலாம். மெல்லிய துணியால் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நேராகத் துடையுங்கள். வட்டமாகத் துடைத்தால் கீறல் பாட்டின் தடத்தோடேயே ஓடும். அப்புறம் எந்த மென்பொருளாலும் படிப்பது கஷ்டம்.