உறுதியில் யாருடைய பெயர்?

(பழைய மாணவியர் சங்க நூற்றாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



சட்டம், அரசியல், சமூகம் பற்றிப் பேசும்படி எம்மைக் கேட்டார்கள். அவ்வளவும் பேச நேரம் போதாது. அமிர்தகழியில் எல்லோருக்கும் தெரிந்த ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்கிறோம்: வீடு.

எமது பக்கத்தில் கலியாணம் என்றால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். மூத்த மகளுக்கு வீட்டைக் கொடுத்துவிட்டு, தாயும் தகப்பனும் அதே வளவில் இன்னொரு வீடு கட்டுவார்கள், அது அடுத்தவளுக்கு. வெளியூரார் வியந்து கேட்பார்கள். எமக்கு அதில் வியப்பு ஒன்றுமில்லை.

இதன் பின்னால் பழைய முக்குவர் சட்டம் இருந்தது. முதுசம் தாய்வழியாக இறங்கும். ஓர் ஆண் இறந்தால் அவருடைய சகோதரியின் பிள்ளைகளுக்குப் போகும். கிறிஸ்தோபர் பிரிட்டோ அதை 1876இல் நூலாக்கினார். அதே ஆண்டில் வந்த 15ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் அந்த வழக்கத்தின் இடத்தைப் பிடித்துக்கொண்டது. சனங்கள் என்ன செய்தார்கள்? நொத்தாரிசிடம் போய், மகளுக்குச் சீதன உறுதி எழுதினார்கள். புதிய சட்டத்துக்குள்ளேயே பழைய வழக்கம் குடியேறிவிட்டது. ஆனாலும் உறுதி அவள் பெயரில் இருந்தும், 1923ஆம் ஆண்டுச் சட்டம் வரும்வரை, மணமான பெண் தன் காணியை விற்கக் கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டியிருந்தது. தேசவழமைக்கு உட்பட்ட யாழ்ப்பாணச் சகோதரிகளுக்கு அது இன்றும் வேண்டியிருக்கிறது.

1931இல் எமக்கு வாக்குரிமை கிடைத்தது. நான்கே வருடத்தில், 1935இல், காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம் வந்தது. அரச காணிக்கு அனுமதிப்பத்திரம் தரும் சட்டம் அது. காணி துண்டுபடக் கூடாதென்று ஒருவருக்கே உரித்துப் போகவேண்டும் என்றார்கள். அனுமதிப்பத்திரக்காரர் எவரையும் நியமிக்காமல் இறந்தால், மனைவி சீவியகாலத்துக்கு இருக்கலாம், மறுமணம் செய்தால் அதுவும் இல்லை. அதன்பின் மகன், மகள் அவனுக்குப் பிறகுதான். வாக்குப் போட்ட பெண்களின் காணியைப் பற்றி அந்தச் சபையில் எவரும் பெரிதாக யோசித்ததாகத் தெரியவில்லை.

சுனாமி வரும்வரை இது எமக்கு உறைக்கவில்லை. நாவலடியில் வீடுகள் பெண்களுடையவை. 2004 மார்கழி 26இல் வீடும் போயிற்று, பெட்டிக்குள் இருந்த உறுதியும் போயிற்று. கிழக்கில் கரையிலிருந்து 200 மீற்றருக்குள் கட்டக்கூடாது என்றார்கள். திராய்மடுவில் புதிய வீடுகள் எழுந்தன. எமது மாவட்டத்தில் அப்படிக் கிடைத்த வீடுகள் பல, 'குடும்பத் தலைவர்' என்ற பெயரில் ஆண்களுக்கே எழுதப்பட்டன. அந்தச் சொல் சட்டத்தில் இல்லை, படிவத்தில்தான் இருந்தது.

எம்மோடு படித்த தோழி ஒருத்தி அம்மாவின் சீதன வீட்டில் பிறந்து, தன் சீதன வீட்டில் பிள்ளை பெற்றவள். புதிய வீட்டின் கடிதம் கணவன் பெயரில் வந்தது. அலுவலகத்தில் கேட்டதற்கு, "இரண்டும் ஒன்றுதானே அம்மா" என்றார்களாம். சில வருடங்களில் கணவன் வேறு குடும்பமானார். அவளும் பிள்ளைகளும் தமக்கையின் வளவில் ஒரு அறையில் இருக்கிறார்கள். கணவனோடு கோபித்தால் அவரைத்தான் வெளியே போகச் சொல்வது எமது ஊர்ப் பழக்கம். அவள்தான் வெளியே வந்தாள்.

மகனை முன்வைத்த அந்த ஒழுங்கு 2022இல்தான் திருத்தப்பட்டது. எண்பத்தேழு வருடம்! பெண்கள் அமைப்புகள் நீண்ட காலம் கேட்டுக்கேட்டு வாங்கியது அது. தோழிக்கு அது உதவவில்லை. திருத்தம் உரித்தைப் பற்றியது, அவளுடைய கணவன் உயிரோடு இருக்கிறார். ஆனால் அம்மாவின் பெயரில் அனுமதிப்பத்திரம் உள்ள வீடுகள் இங்கேயும் இருக்கின்றன. பின்னுரித்தாளர் என்ற இடத்தில் எவர் பெயரையும் எழுதாமல் விட்டவர்களும், பழக்கத்தில் மகன் பெயரை எழுதிவிட்டு மகளோடு வாழ்கிறவர்களும் இருக்கிறார்கள்.

தேநீர் இடைவேளையில் மண்டபத்தின் பின்பக்கம் ஒரு மேசை போட்டிருக்கிறோம். சட்டம் படித்த எமது சங்கத் தங்கைமார் இருவர் அங்கே இருப்பார்கள். அனுமதிப்பத்திரத்தின் பிரதி கையில் உள்ளவர்கள் கொண்டுவாருங்கள். இல்லாதவர்கள் வீட்டுக்குப் போனதும், அதில் யாருடைய பெயர் இருக்கிறதென்று அம்மாவிடம் கேட்டுப் பாருங்கள்.