ஊர் தேடி வந்த பரிசோதனை



புற்றுநோய் என்ற சொல்லைக் கேட்டதும் நம் வீடுகளில் குரல் இறங்கிவிடும். பெயரைச் சொல்லாமல் "அந்த வியாதி" என்பார்கள். வந்தால் பிழைக்க முடியாது, வராமல் தடுக்கவும் வழியில்லை என்ற எண்ணம் மனத்தில் ஊன்றிப்போனதால் வந்த பயம் அது. இன்று நான் பேசப்போவது, வராமல் தடுக்கக்கூடிய ஒரு புற்றுநோயைப் பற்றி. தடுக்க முடிந்தும் ஏழைப் பெண்களையே அதிகமாகக் கொண்டுபோகிற கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயைப் பற்றி.

ஹெச்.பி.வி. என்ற வைரஸ் தொற்றால் இந்த நோய் வருகிறது. தாம்பத்திய உறவின் வழியே பரவும் சாதாரணமான வைரஸ் இது. பெரும்பாலான பெண்களுக்கு வாழ்நாளில் ஏதோ ஒரு கட்டத்தில் வந்து, ஓரிரு ஆண்டுகளில் தானாகவே போய்விடும். சிலருக்கு மட்டும் போகாமல் தங்கிவிடுகிறது. அப்படித் தங்கும் இடத்தில் செல்கள் மெல்ல மெல்ல மாறத் தொடங்குகின்றன. அந்த மாற்றம் புற்றுநோயாக முற்ற, பொதுவாகப் பதினைந்து முதல் இருபது ஆண்டுகள் ஆகும். இந்த வைரஸுக்கும் நோய்க்கும் உள்ள உறவைக் கண்டறிந்த ஜெர்மன் மருத்துவர் ஹரால்ட் சுர் ஹவுசனுக்கு 2008ஆம் ஆண்டு நோபல் பரிசு கிடைத்தது.

பதினைந்து ஆண்டு என்பது நீண்ட அவகாசம். அதற்குள் ஒரே ஒரு முறை பார்த்து, மாறிய செல்களை அகற்றிவிட்டால் போதும், பெரும்பாலும் அந்தப் பெண்ணுக்குப் புற்றுநோய் வராது. இருந்தும் 2022இல் உலகெங்கும் ஏறத்தாழ மூன்றரை லட்சம் பெண்கள் இந்த நோயால் இறந்தார்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அவர்களில் நூற்றுக்கு 94 பேர் ஏழை நாடுகளையும் நடுத்தர வருமான நாடுகளையும் சேர்ந்தவர்கள். இந்தியாவில் மட்டும் ஆண்டுக்குச் சுமார் 80,000 பேர்.

ஏன் இப்படி? பணக்கார நாடுகள் பல பத்தாண்டுகளாகப் பாப் ஸ்மியர் என்ற பரிசோதனையை வைத்து இந்தச் சாவுகளைக் குறைத்தன. கர்ப்பப்பை வாயிலிருந்து செல்களை எடுத்து, கண்ணாடித் தகட்டில் பூசி, ஆய்வகத்துக்கு அனுப்பி, பயிற்சி பெற்றவர் நுண்ணோக்கியில் பார்த்து முடிவு சொல்வார். முடிவு தெரிந்ததும் அந்தப் பெண் மறுபடி வரவேண்டும். சந்தேகம் என்றால் இன்னொரு முறை, சிகிச்சைக்கு மேலும் ஒரு முறை.

நம் ஊர்ப் பெண்ணை வைத்து இதை யோசித்துப் பாருங்கள். காலையில் காட்டு வேலைக்குப் போனால்தான் அன்றைய கூலி. ஆஸ்பத்திரிக்குப் போகிற நாளில் கூலி போகும், பஸ் காசும் போகும். சின்னப் பிள்ளையை யாரிடமாவது விட்டுப் போகவேண்டும். வீட்டுக்காரரிடம் என்னவென்று சொல்லிக் கிளம்புவது? "எனக்குத்தான் வலியும் இல்லை, ஒன்றும் இல்லையே, எதுக்கு டாக்டர்?" என்று அவளே கேட்பாள். வெட்கம் வேறு. இத்தனையையும் தாண்டி ஒரு முறை வந்துவிட்டாலும், முடிவு வாங்க இரண்டாம் முறை வருவாள் என்பது நிச்சயமில்லை. அவள் அறியாமையால் வரவில்லை என்று சொல்லிவிடுவது எளிது. வழியில் நாம் வைத்திருக்கும் தடைகளை எண்ணிப் பார்த்தால் அப்படிச் சொல்ல மனம் வராது.

இந்தத் தடைகளை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டால் என்ன ஆகும்? இதற்கு விடை தந்தது நம் திண்டுக்கல் மாவட்டம்.

ஒட்டன்சத்திரத்துக்குப் பக்கத்தில் அம்பிளிக்கை என்ற ஊர் இருக்கிறது. அங்குள்ள கிறிஸ்தவ ஐக்கிய சமுதாய நல மையம், சென்னை அடையாறு புற்றுநோய் நிலையம், கோவை பி.எஸ்.ஜி. மருத்துவக் கல்லூரி, உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை ஆகியவை சேர்ந்து 2000ஆம் ஆண்டில் ஒரு பெரிய ஆய்வைத் தொடங்கின. ஆய்வை முன்னின்று நடத்தியவர் மருத்துவர் ரெங்கசாமி சங்கரநாராயணன். அந்த வட்டாரத்தில் இந்த நோய் சென்னையைவிட அதிகமாக இருப்பதை அம்பிளிக்கையின் புற்றுநோய்ப் பதிவேடு ஏற்கெனவே காட்டியிருந்தது.

114 ஊர்த் தொகுதிகளை எடுத்துக்கொண்டார்கள். குலுக்கல் முறையில் 57 தொகுதிகளில் பரிசோதனை, மற்ற 57இல் வழக்கமான மருத்துவ வசதி மட்டும். பரிசோதனைக்கு உரியவர்கள் 30 முதல் 59 வயது வரையுள்ள பெண்கள். பரிசோதித்தவர்கள் டாக்டர்கள் அல்லர், பயிற்சி பெற்ற நர்சுகள். இந்தப் பரிசோதனைக்கு ஆய்வகமும் தேவையில்லை. நீர்த்த அசிடிக் அமிலத்தைக் கர்ப்பப்பை வாயில் தடவி ஒரு நிமிடம் பொறுத்திருக்க வேண்டும். நம் வீட்டு வினிகரில் இருப்பதும் இந்த அமிலம்தான். செல்களில் மாற்றம் இருந்தால் அந்த இடம் வெள்ளையாகத் தெரியும். கண்ணால் பார்த்து அங்கேயே சொல்லிவிடலாம்.

இந்த ஆய்வின் உயிர்நாடி அடுத்த படியில் இருந்தது. வெள்ளைத் திட்டு தெரிந்த பெண்ணை, "அடுத்த வாரம் மதுரைக்குப் போ" என்று அனுப்பவில்லை. அங்கேயே கால்போஸ்கோப் என்ற உருப்பெருக்கிக் கருவி வழியாகப் பார்த்தார்கள். தேவைப்பட்டால் சதைத் துணுக்கு எடுத்தார்கள். ஏற்ற நிலையில் இருந்தவர்களுக்கு அதே வருகையிலேயே நர்சுகள் கிரையோதெரபி செய்தார்கள். மாறிய செல்களைக் கடுங்குளிரால் உறையவைத்து அழிக்கும் சிகிச்சை அது. மாற்றம் பெரிதாக இருந்தவர்களையும் புற்றுநோய் வந்துவிட்டவர்களையும் மட்டும் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள்.

எண்களைக் கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள். பரிசோதனைக்கு உரிய பெண்கள் 49,311 பேர். வந்தவர்கள் 31,343 பேர். அவர்களில் 3,088 பேருக்கு வெள்ளைத் திட்டு தெரிந்தது. இவர்களுக்கெல்லாம் அடுத்த கட்டமாகக் கால்போஸ்கோப் பரிசோதனை வேண்டும். எத்தனை பேருக்குச் செய்தார்கள் தெரியுமா? 3,052 பேருக்கு. விடுபட்டவர்கள் 36 பேர்தான். அலையவிடாமல் அங்கேயே பார்த்ததன் பலன் இது. செல் மாற்றம் உறுதியான 1,874 பேரில் நூற்றுக்கு 72 பேருக்குச் சிகிச்சையும் கிடைத்தது.

ஏழு ஆண்டுக் கணக்கை 2007இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியிட்டார்கள். பரிசோதனை நடந்த ஊர்களில் புதிதாக நோய் வருவது 25 சதவீதம் குறைந்திருந்தது. நோயால் ஏற்படும் சாவு 35 சதவீதம் குறைந்திருந்தது. முப்பதுகளில் இருந்த பெண்களிடம் சாவு மூன்றில் ஒரு பங்காகவே இறங்கிவிட்டது. வாழ்நாளில் ஒரே ஒரு முறை செய்த பரிசோதனையின் பலன் இது. வராமல் போனவர்களையும் கணக்கில் சேர்த்து வந்த விடை என்பதையும் மறக்கக்கூடாது.

வராமல் போனவர்கள் ஏறக்குறைய 18,000 பேர். வாசல்வரை வந்த வசதியைக்கூட மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்ட பெண்கள் பயன்படுத்தவில்லை. தூரமும் செலவும் குறைந்தபிறகும் வெட்கம், பயம், வீட்டு அனுமதி ஆகியவை மிச்சமிருந்தன. இவற்றைப் போக்கக் கருவி கிடையாது. பக்கத்து வீட்டு அக்கா போய் வந்து, "ஒன்றும் வலிக்கவில்லை, அஞ்சு நிமிஷம்தான், நீயும் போயிட்டு வா" என்று சொல்லவேண்டும்.

இந்த ஆய்வின் இன்னொரு பக்கத்தையும் சொல்லாமல் போவது நியாயமாகாது. ஒப்பிடுவதற்காகப் பரிசோதனை இல்லாமல் விடப்பட்ட 57 தொகுதிகளில் 92 பெண்கள் இந்த நோயால் இறந்தார்கள். நாட்டின் வேறு இடங்களில் நடந்த இத்தகைய ஆய்வுகளையும் சேர்த்து, தடுக்க வழி தெரிந்திருந்தும் ஒரு பகுதியினரை அப்படியே விட்டது சரிதானா என்று மருத்துவ அறவியல் பேசுவோர் பின்னாளில் கடுமையாகக் கேட்டார்கள். அந்தக் கேள்வி நமக்கும் சேர்த்துத்தான். பலன் உண்டு என்று தெரிந்து இத்தனை ஆண்டுகள் ஆனபிறகும் ஒரு பெண் பரிசோதனை இல்லாமல் இறந்தால், அதற்கு ஆய்வைக் காரணம் காட்ட முடியாது.

திண்டுக்கல் தனி உதாரணமும் அல்ல. மும்பையின் குடிசைப் பகுதிகளில் 1998இல் டாடா நினைவு மருத்துவமனை தொடங்கிய ஆய்வில், பத்தாம் வகுப்பு படித்த பெண்களுக்குப் பயிற்சி தந்து இதே அமிலப் பரிசோதனையைச் செய்யவைத்தார்கள். சாவு 31 சதவீதம் குறைந்தது. கேரளத்தில் திருவனந்தபுரம் மாவட்டத்தின் 13 பஞ்சாயத்துகளில் 1996இல் தொடங்கியது வாய்ப் புற்றுநோய் ஆய்வு. சுகாதாரப் பணியாளர்கள் வீடு வீடாகப் போய் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தார்கள். புகையிலையோ மதுவோ இரண்டுமோ பழகியவர்களிடையே வாய்ப் புற்றுநோய்ச் சாவு 34 சதவீதம் குறைந்தது. நோய் வேறு, ஊர் வேறு. ஆனால் மூன்று இடத்திலும் பலன் தந்தது ஒரே வழி: மக்களிடம் போவது, அவர்களுக்குள்ளிருந்தே ஆட்களைப் பழக்குவது, கண்டுபிடித்தபிறகு கைவிடாமல் இருப்பது.

சரி, தமிழ்நாட்டில் இப்போது நிலைமை என்ன? 2007இல் தேனி, தஞ்சாவூர் மாவட்டங்களில் அரசு இந்தப் பரிசோதனையைச் சோதனை முறையில் தொடங்கி, பிறகு மாநிலம் முழுவதற்கும் விரித்தது. 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம், ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாத்திரையை வீட்டுக்கே கொண்டுபோகிறது. அதேபோல 2023இல் ஈரோடு, கன்னியாகுமரி, ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களில் வீடு வீடாகப் போய்ப் புற்றுநோய்ப் பரிசோதனைக்கு அழைக்கும் திட்டம் தொடங்கியது.

2007இல் தொடங்கிய பரிசோதனை மாநிலம் முழுவதும் விரிந்தபிறகும், 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி, 30 முதல் 49 வயதுக்குள் இருக்கும் தமிழ்நாட்டுப் பெண்களில் கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனை ஒரு முறையாவது செய்துகொண்டவர்கள் நூற்றுக்குப் பத்துப் பேர்கூட இல்லை. 9.8 சதவீதம். இந்திய அளவில் 1.9 சதவீதம்தான் என்பதால் நாம் முன்னணியில் இருக்கிறோம் என்று மகிழலாம். பத்தில் ஒன்பது பெண்கள் விடுபட்டிருக்கிறார்கள் என்பதை நினைத்தால் அந்த மகிழ்ச்சி நிற்காது. 2030க்குள் பத்தில் ஏழு பெண்களாவது பரிசோதனை செய்துகொண்டிருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனம் வைத்திருக்கும் இலக்கு.

அந்த நிறுவனத்தின் முழு இலக்கில் மூன்று படிகள் இருக்கின்றன. முதல் படி தடுப்பூசி. பத்தில் ஒன்பது சிறுமிகளுக்குப் பதினைந்து வயதுக்குள் ஹெச்.பி.வி. தடுப்பூசி. ஒன்பது முதல் பதினான்கு வயதுவரை ஒரு தவணையோ இரண்டு தவணையோ போதும் என்று 2022இல் அந்த நிறுவனம் அறிவித்தது. நம் நாட்டிலேயே தயாராகும் தடுப்பூசியும் வந்துவிட்டது. இரண்டாம் படி, முப்பத்தைந்து வயதில் ஒரு முறை, நாற்பத்தைந்தில் ஒரு முறை என்று பரிசோதனை. மூன்றாம் படி, மாற்றம் தெரிந்தவர்களில் பத்தில் ஒன்பது பேருக்குச் சிகிச்சை. இப்போது வைரஸையே கண்டறியும் பரிசோதனையும் இருக்கிறது. அதற்கான மாதிரியைப் பெண் தானே எடுத்துக் கொடுக்கலாம். வெட்கப்படுகிற சகோதரிகளுக்கு இது பெரிய நிம்மதி.

அரசு செய்யவேண்டியது ஒரு பங்கு. முகாமைக் காலை பத்து மணிக்கு வைத்தால் வேலைக்குப் போகும் பெண் எப்படி வருவாள்? வேலை இல்லாத நாளிலும் சாயங்கால நேரத்திலும் முகாம் வேண்டும். மறைவான அறையும் பெண் பணியாளரும் வேண்டும். பார்த்த இடத்திலேயே சிகிச்சை தரும் ஏற்பாடு வேண்டும். எத்தனை பேரைப் பரிசோதித்தோம் என்று கணக்குக் காட்டுவதோடு நில்லாமல், மாற்றம் தெரிந்தவர்களில் எத்தனை பேருக்குச் சிகிச்சை முடிந்தது என்ற கணக்கையும் ஊருக்குச் சொல்லவேண்டும்.

இன்னொரு பங்கு நம்முடையது. மகளிர் சுயஉதவிக் குழுவில் இருக்கும் சகோதரிகளே, அடுத்த கூட்டத்தில் கடன், தவணைக் கணக்கு முடிந்ததும் பத்து நிமிடம் இதைப் பேசுங்கள். குழுவாகச் சேர்ந்து போய்ப் பார்த்துக்கொண்டு வாருங்கள். கணவன் இல்லாத பெண்ணையும், வயதான அம்மாவையும், தனியாக இருப்பவரையும் விட்டுவிடாதீர்கள். பெரும்பாலும் விடுபடுகிறவர்கள் அவர்கள்தான். ஊராட்சித் தலைவர்களே, முகாம் நாளை ஊருக்கு முன்கூட்டியே அறிவியுங்கள். வீட்டு ஆண்களுக்கும் ஒரு வார்த்தை: "போயிட்டு வா, பிள்ளையை நான் பார்த்துக்கறேன்" என்று நீங்கள் சொன்னால் பாதித் தடை விலகிவிடும்.

முப்பது முதல் அறுபத்தைந்து வயதுவரையுள்ள ஒவ்வொரு பெண்ணும் ஐந்து ஆண்டுக்கு ஒரு முறை கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனை செய்துகொள்ளவேண்டும் என்பது நம் நாட்டு வழிகாட்டுதல். மாதவிடாய் இல்லாத நாளில் ரத்தப்போக்கு, தாம்பத்திய உறவுக்குப் பின் ரத்தம், மாதவிடாய் நின்றபிறகு ரத்தம், துர்நாற்றத்தோடு வெள்ளைப்படுதல் ஆகியவை இருந்தால் முகாமுக்குக் காத்திருக்காமல் உடனே டாக்டரைப் பாருங்கள். ஒன்றும் இல்லாவிட்டாலும், இந்த வாரமே உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கிராம சுகாதார செவிலியரைப் பார்த்து, "பரிசோதனை என்றைக்கு?" என்று கேளுங்கள். போகும்போது பக்கத்து வீட்டு அக்காவையும் கூட்டிக்கொண்டு போங்கள்.