பலகையில் இல்லாத சொல்



போன மாதம் ஒரு நீதிமன்ற வளாகத்து வேப்பமரத்தடியில் ஒரு தங்கச்சியைப் பார்த்தேன். இடுப்பில் பிள்ளை. கையில் மஞ்சள் பை. பைக்குள் கல்யாணப் பத்திரிகை, ரேஷன் கார்டு, பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ், அடியில் ஓர் அடகுச் சீட்டு. “எதை வச்சேம்மா?” என்றேன். “தோடுதாண்ணே. ஜீவனாம்ச மனுப் போட, வக்கீல் ஃபீஸுக்கு மூணு மாசமா அலைஞ்சேன்” என்றது. காதில் ஈர்க்குச்சி.

அந்தத் தங்கச்சிக்குப் பின்னால் பத்தடியில் ஒரு பலகை: ‘மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு’. “பார்த்தேண்ணே, ஏதோ பெரிய ஆபீஸ்னு நினைச்சேன்.” அது தப்பா? பலகையில் ‘ஆணை’ இருக்கிறது. ‘இலவசம்’ இல்லை, ‘உதவி’ இல்லை. ஏழை எதை நம்பிப் படியேறுவாள்?

தோழர்களே, ஏழைக்கு இலவச சட்ட உதவி என்பதை 1976இலேயே அரசியல் சாசனத்தில் எழுதிவிட்டார்கள். அதற்கான சட்டம் 1987இல் பிறந்தது, 1995 நவம்பர் 9இல் நடைமுறைக்கு வந்தது. பெண்ணுக்கும் குழந்தைக்கும் வருமான வரம்பே கிடையாது. பட்டியல் இனத்தவருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் அப்படியே. மற்ற ஆண்களுக்கு அரசு வைத்த வரம்புக்குள் வருமானம் இருந்தால் போதும். பெற்ற பிள்ளையை வாரம் ஒருமுறை பார்க்க ஏங்கும் கூலிக்காரத் தகப்பனுக்கும் அந்தக் கதவு திறந்திருக்கிறது.

அந்த ஆணைக்குழுவில் வக்கீல் வைத்துத் தருவார்கள், மனு எழுதித் தருவார்கள், நீதிமன்றக் கட்டணத்தையும் பார்த்துக்கொள்வார்கள். அந்த வக்கீல் உங்களிடம் காசு கேட்கக் கூடாது. கேட்டால் அங்கேயே புகார் கொடுங்கள்.

இன்னொன்று. ஜீவனாம்சத்தை மனுப் போட்ட நாளிலிருந்து கணக்கிட வேண்டும் என்று 2020இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அப்படியானால் ஃபீஸுக்கு அலைந்த அந்த மூன்று மாதத்துக்குக் கணக்கே இல்லை. போனது தோடு மட்டுமா? பிள்ளையின் பால் காசும் போயிற்று!

புருஷன் பெண்சாதிக்குள் ஆகவில்லை என்றால் பிரியலாம், அது அவர்கள் பாடு. பிள்ளையின் சோற்றுக்கும் படிப்புக்கும் யார் பொறுப்பு என்பது ஊர்ப் பாடு. பஞ்சாயத்துப் பேச வரிந்துகட்டி வருகிற நாம், அந்தப் பலகை வரைக்கும் ஒருநாள் கூடப் போனோமா?

சகோதரிகளே, ஒரே ஒரு வேலை சொல்கிறேன். 15100. தேசிய சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் கட்டணமில்லாத் தொலைபேசி எண். வீட்டுக்குப் போனதும் காலண்டரில் பால் கணக்குக்குப் பக்கத்தில் எழுதி வையுங்கள். உங்களுக்குத் தேவைப்படாமலே போகட்டும். பக்கத்து வீட்டுப் பெண் தோட்டில் கை வைக்கும் அன்று, அந்தக் காலண்டரைக் காட்டுங்கள்.