மலையில் திரும்பும் நேரம்
(ஜமாஅத் ஆண்டுக் கூட்டத்தில் இமாம் அவர்கள் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

கடந்த ஐப்பசியில் நம் எம்.கே.பி. நகர் இளைஞர்கள் 11 பேருடன் நீலகிரிக்குச் சென்று, முக்கூர்த்தி தேசியப் பூங்காப் பகுதியில் ஒரு பகல் முழுவதும் நடந்து வந்தேன். கடைசி மேட்டைத் தொடாமலே திரும்பிவிட்டோமே என்ற வருத்தம் சிலருக்கு இன்னும் தீரவில்லை. பெற்றோர் சிலருக்கோ, அழைத்துச் சென்றதே பிழை என்ற எண்ணம். இரு சாராருக்கும் பதில் சொல்லக் கடமைப்பட்டுள்ளேன்.

பெற்றோரின் அச்சத்தைக் குறைகூற மாட்டேன். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில் காட்டுத்தீயில் சிக்கி இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். சென்னையிலிருந்து சென்றவர்களும் அவர்களில் இருந்தனர். அதன் பின்னரே அரசு மலையேற்றத்திற்கு விதிகள் வகுத்தது. 2024 அக்டோபரில் 40 தடங்களை வழிகாட்டிகளுடன் திறந்தது. நாங்களும் வனத்துறை அனுமதியோடும் வழிகாட்டியோடும்தான் சென்றோம்.

அங்கே மலைச்சரிவெல்லாம் புல்வெளி. பள்ளங்களில் மட்டும் குட்டை மரங்கள் அடர்ந்து நிற்கின்றன. அதுவே சோலை. மழைநீரை உறிஞ்சி வைத்துக்கொண்டு, மழையற்ற மாதங்களிலும் ஓடைக்குச் சிறுகச் சிறுக விடுகிறது. அந்நீரில் ஒளுச் செய்தபோது விரல்கள் மரத்துப்போயின. லாரித் தண்ணீருக்குக் குடங்களை வரிசையில் வைத்து வளர்ந்த நம் பிள்ளைகள் அதை அள்ளி அள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எதிர்ப் பாறையில் வரையாடுகள் சில நின்றன. நம் மாநில விலங்கு. 2024 கணக்கெடுப்பில் தமிழகத்தில் 1031 மட்டுமே இருந்தன.

மூவர் பயணம் சென்றாலும் ஒருவரைத் தலைவராக்கிக்கொள்வது நம் மார்க்கம் கற்பித்த ஒழுங்கு. மலையில் வழிகாட்டியே நமக்கு அமீர் என்று சென்ட்ரலில் ரயில் ஏறும்போதே சொல்லியிருந்தேன். ஆயினும் லுஹருக்குப் பின் நால்வர் வேகமாக முன்னே சென்றுவிட்டனர். இளைப்பு நோயுள்ள ஒரு பிள்ளை பின்தங்கினான். நான் அவனுடன் நின்றேனே தவிர, முன்னே போனவர்களைத் தடுக்கவில்லை. அது என் தவறு.

அந்நேரம் பள்ளத்திலிருந்து மூடுபனி ஏறியது. பத்தடிக்கு அப்பால் எதுவும் தெரியவில்லை. அம்மலையின் மேற்கு விளிம்பு கேரளத்தின் நிலம்பூர்ப் பக்கம் செங்குத்தாக இறங்குவது. கைப்பேசியும் வேலை செய்யவில்லை. வழிகாட்டி விசில் ஊதிக்கொண்டே இருந்தார். அரைமணி நேரம் கழித்தே நால்வரும் குரல் கொடுத்தனர். அந்த அரைமணி நேரத்தில் அவர்களுடைய தாய்மார்களின் முகங்கள் ஒவ்வொன்றாக என் கண்முன் வந்தன.

வந்தவர்களுள் ஒருவர், "இன்னும் கொஞ்சம்தான் ஹஜ்ரத், தொட்டுவிட்டு வந்துவிடலாம்" என்றார். வழிகாட்டி, "ஏற நேரமிருக்கிறது, இறங்க நேரமில்லை" என்றார். ஐப்பசியில் ஆறு மணிக்கே இருட்டிவிடும். திரும்புவோம் என்றேன். இளைப்புள்ள பிள்ளையை வழிகாட்டிக்கு அடுத்ததாக நடக்கவிட்டு, அவனுடைய வேகத்திலேயே அனைவரும் இறங்கினோம். வாகனத்தை அடைந்தபோது மஃரிபு நேரம் வந்திருந்தது.

வரும் ஆண்டும் செல்ல வேண்டுமென்று இளைஞர்கள் மனுக் கொடுத்துள்ளார்கள். நிர்வாகிகள் முடிவு செய்யட்டும். அந்தப் பிள்ளையின் தந்தையும் இம்முறை தம் பெயரைச் சேர்த்துக்கொள்ளுமாறு சொல்லியிருக்கிறார்.