சின்ன ஓட்டு வீட்டுக்கு எது அழகு?

நூறு வயதைத் தொட்ட ஓட்டு வீடுகள் தஞ்சை, கும்பகோணம் பக்கத்து அக்கிரகாரங்களிலும் புதுச்சேரியின் தமிழர் வீதிகளிலும் இன்னும் மிஞ்சியிருக்கின்றன. வீதியிலிருந்து பார்த்தால் அகலமே இருக்காது. திண்ணை, ரேழி, கூடம், முற்றம், அடுக்களை, கிணற்றடி என்று பின்னால் நீண்டுகொண்டே போகும். இப்படியொரு வீட்டைப் பழமை கெடாமல் அலங்கரிக்க நினைப்பவர்கள் பெரும்பாலும் முதலில் போய் நிற்பது காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடைகளில். தூணும் நிலைக்கதவும் உருளியுமாக வண்டி ஏற்றி வருகிறார்கள். அந்தப் பணத்தை முதலில் சுவருக்குச் செலவழியுங்கள் என்பதுதான் என் கட்சி.

காரணம் இருக்கிறது. அந்தக் காலத்து அஸ்திவாரங்களில் ஈரத்தைத் தடுக்கும் அடுக்கு என்று எதையும் போட்டதில்லை. மண்ணின் ஈரம் செங்கல் வழியே மெல்ல மேலேறும். சுண்ணாம்புப் பூச்சு நுண்துளைகள் கொண்டது. ஏறிய ஈரத்தை அது காற்றில் விட்டுவிடும். அதன்மேல் சிமென்ட் பூசி, பிளாஸ்டிக் பெயின்டும் அடித்துவிட்டால் ஈரம் வெளியேற வழியில்லை. இன்னும் உயரே ஏறும், உப்புப் பூக்கும், பூச்சு உப்பி உதிரும். உடனே ‘பழைய வீடு, அப்படித்தான் இருக்கும்’ என்று வீட்டின் தலையில் பழியைப் போட்டுவிட்டு, இன்னும் கெட்டியாகச் சிமென்ட் பூசுகிறோம். கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரில் குழைத்த சுண்ணாம்புப் பூச்சும், அதன்மேல் துளி நீலம் கலந்த வெள்ளையும் மருந்தாகவும் அலங்காரமாகவும் ஒரே நேரத்தில் வேலை செய்கின்றன. அந்த வெள்ளை ஒரே சீராக இருக்காது. வெயில் நகர நகர மங்கியும் தெளிந்தும் தெரியும். எந்த டப்பா பெயின்டிலும் அந்த நயம் வருவதில்லை.

சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார் எங்கே கிடைக்கிறார், சாய்ந்தால் சட்டையெல்லாம் வெள்ளையாகிறதே என்பார்கள். இரண்டும் நியாயமான குறைகள்தான். கொத்தனாரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும், செலவும் கூடும். சட்டையில் ஒட்டுவதைப் பசை சேர்த்து ஓரளவு குறைக்கலாம், அறவே நிறுத்த முடியாது. உட்காரும் இடங்களில் முதுகுக்கு ஒரு சாய்மானப் பலகை அடித்துவிட்டால் தொல்லை தீரும். எப்படியும் அடிக்கடி உதிரும் சிமென்ட்டைச் சுரண்டிப் பூசுவதும் சும்மா வருவதில்லை.

தரைக்கும் இதே கதைதான். பல வீடுகளில் உள்ள சிவப்புத் தரையும் ஆத்தங்குடிக் கல்லும் சிமென்ட்டில் செய்தவை. வீட்டை விடச் சில சமயம் வயதில் இளையவை. அதனால் அவை ‘அசல்’ இல்லை என்று சிலர் பெயர்த்துவிடுகிறார்கள். ஒரு வீடு கட்டிய ஆண்டிலேயே உறைந்து நிற்பதில்லையே. பிற்பாடு வந்து சேர்ந்ததும் அதன் வரலாறுதான். பெயர்க்காமல் மேலேயே டைல்ஸ் ஒட்டுவது இன்னும் மோசம். தரை உயர்ந்து வாசற்படி அமுங்கும்; கதவின் அடியைச் சீவ வேண்டிவரும்; ஏற்கெனவே குனிந்து நுழைகிற நிலைவாசல் இன்னும் குள்ளமாகும்.

முற்றத்தைப் பற்றித்தான் எதிர்ப்பு பலமாக வரும். மழை, குரங்கு, திருட்டு என்று சொல்லிப் பிளாஸ்டிக் தகட்டால் மூடிவிடுகிறார்கள். பயம் பொய்யல்ல. ஆனால் இருபுறமும் வீடு ஒட்டி நிற்கும் வீதியில் கூடத்துக்கு வெளிச்சமும் காற்றும் வர வேறு வழி கிடையாது. இரும்புக் கம்பி போட்டால் குரங்கும் திருடனும் நிற்பார்கள். மழைக்குக் கூரை வேண்டுமென்றால் அதை உயர்த்தி, நாலு பக்கமும் இடைவெளி விட்டுப் போடலாம். சூடு ஏறி வெளியே போய்விடும்.

வாழ்கிற வீட்டை அருங்காட்சியகம் ஆக்கச் சொல்கிறாயா என்று யாராவது கேட்கலாம். இல்லை. குளியலறையும் கழிப்பறையும் கிணற்றடிப் பக்கம் புதிதாகவே கட்டட்டும். சிமென்ட்டும் டைல்ஸும் அங்கே தாராளமாக வரட்டும். வீட்டுக்குத் தேவைப்பட்டதெல்லாம் எப்போதும் பின்பக்கமாகத்தான் வளர்ந்திருக்கிறது. மின்கம்பிக்காகச் சுண்ணாம்புச் சுவரைக் கொத்தாமல், முன்பு செய்ததுபோல் மரச்சட்டத்தின் மேல் வெளிப்படையாக ஓடவிடலாம். ஓர் ஊஞ்சல், ஒரு பெஞ்சு, மாடத்தில் விளக்கு இருந்தால் சின்னக் கூடம் நிறைந்துவிடும். கடையில் வாங்கும் தேக்குத் தூண் எங்கோ இடித்த வேறொரு பழைய வீட்டுடையது. இந்தக் கூடத்தில் அது தாங்குவதற்கு உத்திரமும் இல்லை.