கடைக் கடன் வீட்டு வாசலுக்கு வராமல் இருக்க: சிறு தொழிலுக்கு ஒரு லிமிடெட் கம்பெனி



சிறு தொழில் செய்கிறவர்கள் அடிக்கடி ஒரு கேள்வி கேட்பாங்க. "ஜிஎஸ்டி நம்பர் இருக்கு, உத்யம் பதிவும் பண்ணியாச்சு. அப்போ நான் கம்பெனிதானே?"

இல்லைங்க. ஜிஎஸ்டி என்பது வரிக்கான பதிவு. உத்யம் என்பது நீங்கள் குறு, சிறு அல்லது நடுத்தரத் தொழில் செய்பவர் என்பதற்கான பதிவு. இரண்டும் இருந்தாலும், சட்டத்தின் பார்வையில் கடையும் நீங்களும் ஒரே ஆள்தான். சரக்குக் கொடுத்தவருக்குப் பாக்கி நின்றுபோனால், அவர் கோர்ட்டுக்குப் போய் உங்கள் பெயரில் உள்ள வீட்டின் மீதும் கை வைக்க முடியும். சாதாரணக் கூட்டு வியாபாரம் என்றால், கூட்டாளி தொழிலுக்காக வாங்கிய கடனுக்கும் நீங்கள் முழுப் பொறுப்பு.

பிரைவேட் லிமிடெட் கம்பெனி என்றால் கதை வேறு. கம்பெனி சட்டப்படி ஒரு தனி ஆள். கடனும் சொத்தும் வழக்கும் அதன் பெயரில்தான் இருக்கும். நீங்கள் ஒரு லட்சம் ரூபாய்க்குப் பங்கு எடுத்துப் பணத்தையும் கட்டிவிட்டால், பங்குதாரராக நீங்கள் இழக்கக்கூடியது அந்த ஒரு லட்சம்தான்.

இதில் மூன்று வழிகள் உண்டு. 2013-ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டப்படி, பிரைவேட் லிமிடெட் கம்பெனிக்குக் குறைந்தது இரண்டு பங்குதாரர்களும் இரண்டு இயக்குநர்களும் வேணும். அக்கா தங்கை இருவரே பங்குதாரராகவும் இயக்குநராகவும் இருக்கலாம். தனியாகத் தொழில் செய்பவருக்கு அதே சட்டத்தில் 'ஒரு நபர் கம்பெனி' இருக்கிறது. அதற்கு ஒரு நாமினியைக் காட்ட வேண்டும். மூன்றாவது, 2008-ஆம் ஆண்டுச் சட்டப்படியான எல்எல்பி. இரண்டு கூட்டாளிகள் போதும். ஆண்டு விற்பனை 40 லட்சத்தையும், போட்ட முதல் 25 லட்சத்தையும் தாண்டாதவரை அந்தச் சட்டப்படி தணிக்கை கட்டாயமில்லை. கம்பெனிக்கு அப்படி இல்லை, ஒரு ரூபாய் விற்பனை இல்லாவிட்டாலும் ஆடிட்டர் வேண்டும்.

"ஒரு லட்சம் முதல் காட்டணுமாமே?" அது பழைய கதை. 2015-இல் அந்த விதி போய்விட்டது.

பதிவு முழுக்க ஆன்லைன்தான். மத்திய அரசின் கம்பெனி விவகார அமைச்சக இணையதளத்தில் 'ஸ்பைஸ் பிளஸ்' என்ற படிவம் இருக்கிறது. முதல் பகுதியில் பெயரைப் பதிவு செய்ய வேண்டும். இரண்டாம் பகுதியில் கம்பெனி பதிவோடு பான், டான் எண்களும் சேர்ந்தே கிடைக்கும். பெயர் காலியாக இருக்கிறதா என்று போனிலேயே பார்த்துவிடலாம். வீட்டு முகவரியையே அலுவலகமாகக் காட்டலாம், ஆனால் வீட்டு உரிமையாளரின் சம்மதக் கடிதம் வேண்டும். அங்கீகரிக்கப்பட்ட மூலதனம் 15 லட்சம் வரை பதிவுக் கட்டணம் கிடையாது. பெயருக்கான கட்டணம், முத்திரைத் தீர்வை, டிஜிட்டல் கையெழுத்து, ஆடிட்டர் கட்டணம் ஆகியவை தனி.

டிஜிட்டல் கையெழுத்து டோக்கனையும் பாஸ்வேர்டையும் ஏஜென்டிடம் விட்டுவைக்காதீங்க. அது நீங்கள் நேரில் போடும் கையெழுத்துக்குச் சமம். உத்யம் பதிவுக்கு அரசு தளத்தில் கட்டணமே இல்லை. பணம் கேட்டு லிங்க் வந்தால் தொடாதீங்க.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருவோம். சான்றிதழ் வாங்கியதோடு பாதுகாப்பு வந்துவிடுவதில்லை. மூன்று இடங்களில் கவனம் வேண்டும்.

ஒன்று, வங்கிக் கடன். புதுக் கம்பெனிக்குக் கடன் தரும்போது வங்கிகள் பெரும்பாலும் இயக்குநரிடம் சொந்த ஜாமீன் கேட்கும். அதில் கையெழுத்துப் போட்டால், அந்தக் கடனுக்கு நீங்களே பொறுப்பு. 'லிமிடெட்' என்ற சொல் அங்கே காப்பாற்றாது. படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

இரண்டு, பணத்தைக் கலப்பது. கம்பெனிக் கணக்கிலிருந்து பிள்ளையின் ஸ்கூல் ஃபீஸ் கட்டக்கூடாது. சம்பளமாகவோ டிவிடெண்டாகவோ முறையாக எடுத்து, பிறகு செலவு செய்யுங்கள். கடன்காரர்களை ஏமாற்றத்தான் கம்பெனி நடத்தினீர்கள் என்று நிரூபணமானால், இயக்குநர்களின் சொந்தச் சொத்தும் தப்பாது.

மூன்று, தேதி. பங்குப் பணம் வங்கியில் ஏறியதும், பதிவான 180 நாட்களுக்குள் தொழில் தொடங்கியதற்கான அறிவிப்பைத் தாக்கல் செய்யணும். ஒவ்வொரு ஆண்டும் கணக்கறிக்கை ஒன்று, ஆண்டறிக்கை ஒன்று தாக்கல் செய்யணும். தாமதமானால் ஒவ்வொன்றுக்கும் நாளுக்கு 100 ரூபாய். இரண்டையும் ஓர் ஆண்டு விட்டுவிட்டால் 73,000 ரூபாய் தாமதக் கட்டணம் மட்டுமே! "வியாபாரமே நடக்கலை" என்றாலும் விலக்கு இல்லை. தொடர்ந்து மூன்று நிதியாண்டுகள் தாக்கல் செய்யாவிட்டால், ஐந்து ஆண்டுகளுக்கு இயக்குநர் ஆகும் தகுதியே போய்விடும்.

அப்படியானால் எல்லோருக்கும் கம்பெனி தேவையா? தேவையில்லை. அன்றாடம் ரொக்கத்துக்கு வாங்கி, ரொக்கத்துக்கு விற்கும் டிபன் கடைக்கு இந்தச் செலவு வீண். பெரிய தொகைக்குக் கடனில் சரக்கு எடுக்கிறீர்களா? வெளி ஆள் கூட்டு சேர்கிறாரா? முதலீட்டாளர் வரப்போகிறாரா? ஒன்றுக்காவது ஆம் என்றால் யோசியுங்கள். ஆண்டுக்கு ஆகும் தணிக்கை, தாக்கல் செலவை ஆடிட்டரிடம் எழுத்தில் வாங்குங்கள். உங்கள் லாபம் அதைத் தாங்குமா என்று வீட்டில் உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்து, அதற்கப்புறம் படிவத்தைத் திறங்கள்.