நிதித்துறையில் மேற்படிப்பு: இளநிலையில் எதைப் படிப்பது?

(ப்ளஸ் டூ தேர்வு எழுதிய மாணவ, மாணவியருக்கும் அவர்தம் பெற்றோருக்கும் நமது டிரஸ்ட் நடத்திய கல்வி வழிகாட்டி நிகழ்ச்சியில் செயலாளர் ஆற்றிய உரை)

 

கல்வி உதவி கேட்டு நம் அலுவலகத்துக்கு வரும் பிள்ளைகளில் பலர் இப்போது ஒரே மாதிரி சொல்கிறார்கள்: “பி.காம். சேரப் போறோம். அப்புறம் ஃபைனான்ஸ்ல மாஸ்டர்ஸ் பண்ணணும்.” நல்ல ஆசைதான். “எந்த மாஸ்டர்ஸ்?” என்று கேட்டால்தான் பதில் வருவதில்லை. மூன்று வருடம் கழித்து வரப்போகிற கேள்விதானே என்று பெற்றோரும் இருந்துவிடுகிறார்கள். ஆனால் அந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்தால்தான் இன்று எந்தப் பட்டத்தில் சேர்வது என்று முடிவு செய்ய முடியும்.

ஃபைனான்ஸ் என்ற ஒரே பெயரில் குறைந்தது நான்கு வகை மேற்படிப்புகள் இருக்கின்றன. ஒவ்வொன்றின் வாசலிலும் கேட்பது வேறு வேறு.

முதலாவது, எம்.காம்., எம்.பி.ஏ. வகை. எம்.காமுக்குப் பொதுவாக பி.காம். அல்லது அதை ஒட்டிய பட்டம் வேண்டும். எம்.பி.ஏ.வுக்கு எந்தப் பட்டமும் போதும். நிதியைச் சிறப்புப் பாடமாக உள்ளே போய் எடுத்துக்கொள்ளலாம். ஆனால் நுழைவுத் தேர்வு உண்டு. நம் மாநிலக் கல்லூரிகளுக்கு டான்செட், ஐ.ஐ.எம். போன்றவற்றுக்கு கேட். இவற்றில் வரும் கணக்கு பெரும்பாலும் பள்ளிக்கூடக் கணக்குதான். வேகமாகப் போட வேண்டும், அவ்வளவே. கணக்கைக் கைவிட்டு ஐந்து வருடம் ஆன பிள்ளைக்கு அந்த வேகம் வராது.

இரண்டாவது, நிதிப் பொருளாதாரம். சென்னை கோட்டூர்புரத்தில் இருக்கும் மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸில் இந்தப் பாடத்தில் எம்.ஏ. இருக்கிறது. இங்கே பொருளாதாரத்தோடு கணிதமும் புள்ளியியலும் அன்றாடப் பாடம்.

மூன்றாவது, அளவுசார் நிதியியல், நிதிக் கணிதம், ஆக்சுவரியல் சயின்ஸ் என்ற வகை. வகை நுண்கணிதம், அணிகள், நிகழ்தகவு, கொஞ்சம் கம்ப்யூட்டர் புரோகிராமிங், இவை இல்லாமல் உள்ளே போவது சிரமம்.

நான்காவது, இஸ்லாமிய நிதியியல். மலேசியாவின் மத்திய வங்கி 2005இல் கோலாலம்பூரில் தொடங்கிய இன்சீஃப் பல்கலைக்கழகம் இதற்கென்றே இருப்பது. இங்கே படிக்க வணிக அறிவும் வேண்டும், ஃபிக்ஹில் முஆமலாத் பகுதியின் அறிமுகமும் கைகொடுக்கும். மதரஸாவில் முழாரபா, முஷாரகா, இஜாரா பாடங்களைக் கிதாபில் ஓதிய பிள்ளை, பக்கத்தில் ஒரு பட்டமும் வைத்திருந்தால், அவருக்கு இது திறந்திருக்கும் வாசல்.

இப்போது பட்டங்களுக்கு வருவோம்.

பி.காமின் பலம் கணக்குப் பதிவியல், அடக்கவிலைக் கணக்கு, வரி, தணிக்கை, கம்பெனிச் சட்டம். பட்டம் முடித்ததும் ஒரு வேலையில் உட்கார இது உதவும். 55 விழுக்காடு மதிப்பெண் இருந்தால் சி.ஏ. படிப்பில் ஃபவுண்டேஷன் தேர்வு எழுதாமலே அடுத்த நிலைக்குப் போகலாம். பி.காமின் பலவீனம் கணிதம். பல இடங்களில் வணிகக் கணிதமும் புள்ளியியலும் ஓரிரு தாள்களோடு முடிந்துவிடுகின்றன. முதல் வகை மேற்படிப்புக்கு அது போதும். மற்றவற்றுக்குப் போதாது.

பி.பி.ஏ. நிர்வாகப் படிப்பு. எம்.பி.ஏ. செய்வதாக இருந்தால் அங்கே படிக்கப்போவதில் பாதியை இங்கேயே ஒரு முறை படித்ததாக ஆகிவிடும். வேறு நல்ல பட்டம் கிடைக்கும்போது இதற்காக அதிகப் பணம் கட்ட வேண்டாம்.

பி.ஏ. பொருளாதாரம் என்றால் நம் ஊரில் “வேறு எதுவும் கிடைக்கலையா?” என்று கேட்கிறார்கள். அது தவறான எண்ணம். கணிதத் தாள்களும் பொருளாதார அளவையியலும் உள்ள கல்லூரியாகப் பார்த்துச் சேர்ந்தால், நிதிப் பொருளாதாரத்துக்கு இதைவிட நேரான பாதை கிடையாது.

பி.எஸ்சி. கணிதம், பி.எஸ்சி. புள்ளியியல். பெற்றோர்கள் நினைத்தே பார்க்காத பட்டங்கள் இவைதாம். “கணக்கு படிச்சா வாத்தியார் வேலைதானே” என்கிறார்கள். கணிதம் தெரிந்த பிள்ளை இருப்புநிலைக் குறிப்பை ஆறு மாதத்தில் கற்றுக்கொள்ளும். இருப்புநிலைக் குறிப்பு மட்டும் தெரிந்த பிள்ளை இருபத்திரண்டு வயதில் நுண்கணிதத்தை முதலிலிருந்து தொடங்குவது கடினம். கணக்கில் உண்மையான விருப்பம் உள்ள பிள்ளைக்கு நாம் தயங்காமல் இதைத்தான் சொல்கிறோம். மேலே சொன்ன நான்கில் இஸ்லாமிய நிதியியல் உட்பட எதையும் அந்தப் பிள்ளை முயன்று பார்க்கலாம். எம்.காமுக்கு மட்டும் அந்தந்தப் பல்கலைக்கழக விதியைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஆகவே பட்டத்தின் பெயரைவிட அதற்குள் எத்தனை கணிதத் தாள், எத்தனை புள்ளியியல் தாள், எத்தனை பொருளாதாரத் தாள் இருக்கின்றன என்பதுதான் முக்கியம். விண்ணப்பம் வாங்கப் போகும்போது ஆறு செமஸ்டருக்கான பாடத்திட்டத்தைக் கேட்டு வாங்குங்கள். ஒரே பெயருள்ள பி.காம்., கல்லூரிக்குக் கல்லூரி மாறுபடும்.

பெண் பிள்ளைகளைப் பற்றி ஒரு வார்த்தை. வீட்டுக்குப் பக்கத்துக் கல்லூரி என்ற ஒரே காரணத்துக்காக, அங்கே என்ன இருக்கிறதோ அதில் சேர்த்துவிடுகிறோம். தூரம் அனுப்ப முடியாத சூழ்நிலை சில குடும்பங்களில் இருக்கலாம், அதை மறுக்கவில்லை. அப்படியானால் விடுபட்ட பாடத்தை வீட்டிலிருந்தாவது படிக்க வழி செய்யுங்கள். ஸ்வயம், என்.பி.டி.இ.எல். தளங்களில் ஐ.ஐ.டி. பேராசிரியர்களின் பாடங்களைக் கட்டணமின்றிப் படிக்கலாம். சான்றிதழ்த் தேர்வுக்கு மட்டும் கட்டணம். சென்னை ஐ.ஐ.டி. நடத்தும் தரவு அறிவியல் பட்டத்தை ஆன்லைனில், கல்லூரிப் படிப்போடு சேர்த்தே படிக்கலாம். ஒரே நேரத்தில் இரண்டு பட்டங்கள் படிக்க யு.ஜி.சி. 2022இல் அனுமதி கொடுத்துவிட்டது. அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் படித்த பெண் பிள்ளைகளுக்குப் புதுமைப் பெண் திட்டத்திலும், ஆண் பிள்ளைகளுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கிறது. தகுதியுள்ளவர்கள் விட்டுவிடாதீர்கள்.

வெளிநாட்டில் மேற்படிப்பு என்று நினைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இங்கிலாந்துப் பல்கலைக்கழகங்கள் பொதுவாக நம் மூன்றாண்டுப் பட்டத்தை ஏற்கின்றன. அமெரிக்காவில் பல இடங்களில் பதினாறு வருடப் படிப்பு கேட்கிறார்கள். ஜெர்மனியில் பட்டத்தைப் பார்ப்பதோடு, கணிதத்திலும் பொருளாதாரத்திலும் எத்தனை கிரெடிட் என்று எண்ணிப் பார்க்கிறார்கள்.

“ஃபைனான்ஸ் என்றால் வட்டிதானே ஹஜ்ரத்?” என்று சில தாய்மார்கள் கேட்கிறார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். எந்த வேலை கூடும், எது கூடாது என்பதை ஆலிம்களிடம் கேட்டு முடிவு செய்யுங்கள். தணிக்கை, வரி, அடக்கவிலைக் கணக்கு என்று வட்டித் தொழிலுக்கு வெளியேயும் இந்தத் துறை விரிந்திருக்கிறது. ஒரு கம்பெனியின் பங்கை வாங்கலாமா என்று ஷரீஆ முறைப்படி பார்க்க, அந்தக் கம்பெனிக்கு எவ்வளவு வட்டிக் கடன், எவ்வளவு வட்டி வருமானம் என்று கணக்கிட வேண்டும். அதற்கு அதன் இருப்புநிலைக் குறிப்பைப் படிக்கத் தெரிந்த ஒருவர் வேண்டும். அந்த ஒருவர் நம் பிள்ளையாக இருக்கட்டுமே.

செலவு விஷயத்திலும் நிதானம் தேவை. பல உதவி பெறும் கல்லூரிகளில் அரசு உதவியுள்ள பிரிவும் சுயநிதிப் பிரிவும் தனித்தனியே இருக்கின்றன. கட்டணத்தில் பெரிய வித்தியாசம் உண்டு. முதலில் உதவி பெறும் பிரிவுக்கு முயலுங்கள். இளநிலையில் மிச்சமாகும் பணம் மேற்படிப்புக்கு ஆகும். வட்டிக் கடன் பக்கம் போகாமல் இருக்கவும் அதுவே வழி.

கடைசியாக, பத்தாம் வகுப்பு முடித்த தம்பி, தங்கைகள் வீட்டில் இருந்தால் அவர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறோம். ப்ளஸ் ஒன்னில் வணிகவியல் குரூப் எடுக்கும்போது நான்காவது பாடமாக வணிகக் கணிதமும் புள்ளியியலும் இருக்கிறதா என்று பாருங்கள். கணக்கு கஷ்டம் என்று பதினைந்து வயதில் மூடிய கதவை இருபத்தொன்றில் தட்டிக்கொண்டு நிற்கும் பிள்ளைகளைப் பார்த்துத்தான் இதைச் சொல்கிறோம்.

கல்லூரி விண்ணப்பம் முடியும்வரை வெள்ளிக்கிழமைகளில் அஸர் தொழுகைக்குப் பின் டிரஸ்ட் அலுவலகத்தில் இருப்போம். மதிப்பெண் பட்டியலையும், பார்த்து வைத்த கல்லூரிகளின் பாடத்திட்டத்தையும் கொண்டு வாருங்கள். பிள்ளையையும் கூட அழைத்து வாருங்கள். படிக்கப் போவது அவர்கள்தாம். உட்கார்ந்து பேசி முடிவு செய்வோம், இன்ஷா அல்லாஹ்.

நம் பிள்ளைகளுக்குப் பயனுள்ள கல்வியையும் ஹலாலான வாழ்வாதாரத்தையும் அல்லாஹ் தந்தருள்வானாக. ஆமீன். வஸ்ஸலாம்.